ஓட்டு முடிந்தது, சட்டம் இன்னும் ஆகவில்லை: ஸ்காட்லாந்து சபையின் பொதுப் பேரவை எப்படி முடிவெடுக்கிறது?

2022 மே மாதம் எடின்பரோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒருபாலினத் தம்பதிகளுக்குத் திருமணம் நடத்திவைக்க விரும்பும் போதகர்களை, அந்த நாட்டின் தேசியத் திருச்சபையான ஸ்காட்லாந்து சபை அனுமதித்துவிட்டது, ஆதரவாக 274 ஓட்டு, எதிராக 136. செய்தி அவ்வளவுதான். இதைப் படிப்பவருக்கு வரிசையாகக் கேள்விகள் எழும். இந்த 410 பேர் யார்? அந்தச் சபைக்கு ஒரு பேராயர், ஒரு தலைவர் கிடையாதா? பிரிட்டிஷ் அரசர்தானே சபைக்குத் தலைவர், அவரிடம் கேட்கவில்லையா? இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரே நாளில் ஓட்டுப் போட்டு மாற்றிவிட முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்: முடியாது. அன்று நடந்தது நான்கு வருட வேலையின் கடைசிப் படி. அதற்கு முந்தைய கதையையும் சேர்த்தால் பதின்மூன்று வருடம். அன்று ஓட்டுப் போட்ட பொதுப் பேரவைதான் அந்தச் சபையின் உச்ச அதிகாரம், ஆனால் அந்த உச்ச அதிகாரம் அவசரப்பட்டு எதையும் செய்துவிடக் கூடாது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டு புரிந்தால் மற்றது எல்லாம் புரியும். அதற்கு அடியிலிருந்து வர வேண்டும்.

பேராயர் இல்லாத சபை

ஸ்காட்லாந்து சபை ஒரு பிரெஸ்பிட்டீரியன் சபை. இந்த வகைச் சபைகளின் அடிப்படை யோசனை எளிது. சபையை ஒரு தனி மனிதர் ஆளக் கூடாது, மூப்பர்களும் போதகர்களும் கூடி உட்கார்ந்து ஆள வேண்டும். சீர்திருத்தவாதி கால்வினின் ஜெனீவாவில் பார்த்ததை, ஸ்காட்லாந்துச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். முதல் பொதுப் பேரவை 1560இல் கூடியது. அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் அரசர்கள் பேராயர்களைத் திணிப்பதும் சபை எதிர்ப்பதுமாக இழுபறி நடந்து, 1690இல்தான் பிரெஸ்பிட்டீரியன் முறை நிலைபெற்றது.

இன்றைய அமைப்பில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன:

1. கிர்க் செஷன். ஒரு ஊர்ச் சபையின் போதகரும் மூப்பர்களும் சேர்ந்தது. நம்மூர் சேகரக் கமிட்டி மாதிரி என்று தோன்றும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கமிட்டி உறுப்பினர் சில வருடங்களுக்குத் தேர்வாகி இறங்கிவிடுவார். இங்கே மூப்பர் என்பது அபிஷேகம் பெற்ற ஊழியம், ஆயுளுக்கும்.

2. பிரெஸ்பிட்டரி. ஒரு வட்டாரத்தின் போதகர்களும் மூப்பர்களும். பேராயர் செய்யும் வேலையை இங்கே இந்தக் கூட்டம் செய்கிறது. போதகரை அபிஷேகம் செய்வது, சபையில் அமர்த்துவது, தவறினால் விசாரிப்பது எல்லாம் இதன் பொறுப்பு.

3. பொதுப் பேரவை. நாட்டுக்கு ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் எடின்பரோவில் கூடி, ஒரு வாரம் போல நடக்கும்.

நடுவில் சினாடு என்று ஓர் அடுக்கு இருந்தது, 1990களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இந்த மூன்றையுமே அவர்கள் 'கோர்ட்' என்றுதான் சொல்வார்கள். சட்டம் இயற்றுவது, நிர்வாகம் செய்வது, தீர்ப்புச் சொல்வது மூன்றும் ஒரே கூட்டத்தின் கையில் இருக்கிறது. செய்திகளைப் படித்துக் குழம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மண்டபத்தில் யார் யார்

ஓட்டுப் போடுகிறவர்களைக் கமிஷனர்கள் என்பார்கள். ஒவ்வொரு பிரெஸ்பிட்டரியும் அனுப்பும். போதகர்களும் மூப்பர்களும் சரிபாதி, கூடவே சில டீக்கன்கள் (சேவைப் பணிக்கென நியமிக்கப்பட்ட ஊழியர்கள்). ஒரு காலத்தில் 800 பேருக்கு மேல் வந்தார்கள், இப்போது கிட்டத்தட்ட அதில் பாதிதான்.

இங்கே ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கமிஷனர் தன் பிரெஸ்பிட்டரியின் பிரதிநிதியாக ஓட்டுப் போடுவதில்லை. "நீ போய் இதற்கு ஆதரவாகக் கை தூக்கு" என்று அனுப்பியவர்கள் கட்டளையிட முடியாது. விவாதத்தைக் கேட்டு, ஜெபித்து, தன் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுவது அவர் கடமை. காலையில் ஒரு எண்ணத்தோடு உள்ளே போனவர் மதியம் வேறு பக்கம் ஓட்டுப் போடலாம், அது துரோகம் ஆகாது. எனக்கு இந்த முறையிலேயே மிகப் பெரிய விஷயமாகத் தெரிவது இதுதான். முன்பே எண்ணி முடித்துவிட்ட ஓட்டுகளை அறிவிப்பதற்காகக் கூடுகிற கூட்டத்தில் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

கூட்டத்தை நடத்துபவர் மாடரேட்டர். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் சி.எஸ்.ஐ. மாடரேட்டர் ஞாபகம் வரும். அவர் ஒரு பேராயர், சினாடின் தலைவராகத் தேர்வாகி சில வருடம் பதவியில் இருப்பவர். ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. ஒரு வருடம் மட்டும் பதவி, பேரவையில் தலைமை தாங்குவது, மீதி நாட்களில் சபையின் சார்பாக ஊர் ஊராகப் போவது. சபையின் கொள்கையை அவர் தீர்மானிப்பதில்லை, யாருக்கும் இடமாற்ற ஆணை போடுவதில்லை. போதகராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2004இல் அலிசன் எலியட் என்ற மூப்பர் மாடரேட்டர் ஆனார். முதல் பெண் மாடரேட்டர் அவர்தான், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு போதகர் அல்லாத ஒருவரும் அவர்தான். விதிமுறை விஷயங்களில் பேரவைக்கு வழிகாட்டுபவர் முதன்மை கிளார்க், சட்ட ஆலோசனைக்கு ஒரு வழக்கறிஞர் தனியாக இருக்கிறார்.

சரி, அரசர்? இங்கிலாந்துச் சபைக்குத்தான் அவர் தலைமை ஆளுநர். ஸ்காட்லாந்து சபைக்குக் கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவர் இல்லை. 1596இல் ஆண்ட்ரூ மெல்வில் என்ற போதகர், அரசர் ஆறாம் ஜேம்ஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, ஸ்காட்லாந்தில் இரண்டு அரசர்களும் இரண்டு ராஜ்யங்களும் உண்டு, கிறிஸ்துவின் ராஜ்யத்தில் நீர் வெறும் ஓர் உறுப்பினர்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த எண்ணம் இன்றைக்கும் கட்டடத்திலேயே தெரிகிறது. அரசரின் பிரதிநிதியாக 'லார்ட் ஹை கமிஷனர்' ஒருவர் ஒவ்வொரு வருடமும் வருவார், ஆனால் அவர் உட்காருவது மண்டபத்துக்கு மேலே உள்ள தனி மாடத்தில். அங்கே போக வழியும் தனி. கேட்கலாம், அழைத்தால் உரையாற்றலாம், ஓட்டுப் போட முடியாது. 2025இல் இந்தப் பொறுப்புக்கு வந்த எலிஷ் அஞ்சியோலினி ஒரு கத்தோலிக்கர். பழைய சட்டம் கத்தோலிக்கருக்கு இந்தப் பதவியைத் தடுத்திருந்ததால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

ஒரு விஷயம் பேரவைக்கு வந்து சேரும் வழிகள்

1. கமிட்டி அறிக்கை. பெரும்பாலானவை இப்படித்தான் வரும். எல்லா அறிக்கைகளையும் தொகுத்து கமிஷனர்களுக்கு முன்கூட்டியே அனுப்புவார்கள், 'நீலப் புத்தகம்' என்று பேச்சுவழக்கில் பெயர்.

2. ஓவர்ச்சர். ஒரு பிரெஸ்பிட்டரி "இதைச் சட்டமாக்குங்கள்" என்று கொண்டுவரும் வரைவு. 2009இல் வடமேற்கில் இருக்கும் லோக்காரன்–ஸ்கை பிரெஸ்பிட்டரி, ஒருபாலின உறவில் இருப்பவர்களைப் போதகராக ஏற்பதைத் தடுக்க இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது.

3. மனு. தனி மனிதர் ஒருவர்கூடப் பேரவையின் கதவைத் தட்டலாம். 1963இல் மேரி லஸ்க் என்ற டீக்கனஸ், தன்னைப் போதகராக அபிஷேகம் செய்யும்படி மனுக் கொடுத்து, பேரவையின் முன் நின்று தானே வாதாடினார். உடனே கிடைத்துவிடவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1968இல் பெண்கள் போதகராகலாம் என்ற சட்டம் நிறைவேறியது.

4. மேல்முறையீடு. கீழ் கோர்ட்டின் முடிவை எதிர்த்து வருவது. 2009இல் அபர்டீன் நகரத்தில் ஒரு சபை, ஆண் துணையோடு வாழும் ஒருவரைத் தன் போதகராக அழைத்தது, பிரெஸ்பிட்டரி அதை ஏற்றது, சிலர் பேரவைக்கு வந்து முறையிட்டார்கள். 326க்கு 267 என்று பேரவை அந்த அழைப்பை உறுதி செய்தது.

கடைசி உதாரணத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொண்ட ஓர் இடம் உண்டு. 2009 ஓட்டு ஒரு வழக்கின் தீர்ப்பு மட்டுமே. அதனால் சபையின் சட்டம் மாறவில்லை. அதே பேரவை, பொதுவான கேள்வியை ஆராய ஒரு தனி ஆணையம் அமைத்து, அதுவரை இப்படிப்பட்ட புது முடிவுகளை நிறுத்தி வைத்தது. "சபை ஏற்றுக்கொண்டுவிட்டது" என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் தீர்ப்பையும் சட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டன.

விவாத மேடையில்

ஒவ்வொரு அறிக்கையின் முடிவிலும், பேரவை என்ன சொல்ல வேண்டும் என்று கமிட்டி எழுதிய தீர்மான வரைவு இருக்கும். பிரிவு பிரிவாக எண் போட்டிருப்பார்கள். கமிட்டியின் கன்வீனர் அதை முன்மொழிவார். கேள்விகள் வரும். அப்புறம் எந்தக் கமிஷனரும் எழுந்து ஒரு திருத்தமோ, புதுப் பிரிவோ, முற்றிலும் எதிரான மாற்றுத் தீர்மானமோ கொண்டுவரலாம், ஆதரித்து வழிமொழிய ஒருவர் வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி முடிவு.

இது வெறும் சடங்காக இல்லை என்பதற்கு 2013ஐப் பார்க்கலாம். ஒருபாலின உறவில் உள்ள போதகர்கள் பற்றி ஆராய்ந்த இறையியல் ஆணையம் இரண்டு பாதைகளை முன்வைத்தது: ஒன்று மாற்றத்துக்கு, ஒன்று மரபுக்கு. பேரவை இரண்டையும் எடுக்கவில்லை. முந்தைய வருட மாடரேட்டராக இருந்த ஆல்பர்ட் போகிள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். சபையின் பொதுவான போதனை பழையபடியே இருக்கும், ஆனால் விரும்பும் ஊர்ச் சபைகள் தங்கள் அளவில் அதிலிருந்து விலகி முடிவெடுக்கலாம். மண்டபத்தில் முளைத்த அந்த யோசனையைத்தான் பேரவை ஏற்றது. அடுத்து வந்த சட்டங்கள் எல்லாமே அந்த வடிவத்தில்தான் எழுதப்பட்டன.

செய்தி படிக்கிறவர்கள் தீர்மானத்தின் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். அறிக்கையை 'பெற்றுக்கொள்கிறது' என்றால் அது வந்து சேர்ந்தது என்பதுதான் பொருள், உள்ளே இருப்பதை ஒப்புக்கொண்டதாகாது. கமிட்டிக்கு 'அறிவுறுத்துகிறது' என்றால் அது கட்டளை. அரசாங்கத்தை 'வலியுறுத்துகிறது' என்றால் வேண்டுகோள், அரசு மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். வறுமை, அணு ஆயுதம், அகதிகள் பற்றிப் பேரவை பேசுவது எல்லாம் இந்தக் கடைசி வகை. 1988இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் விருந்தினராக வந்து, தன் பொருளாதாரக் கொள்கைக்கு வேதாகமத்திலிருந்து ஆதாரம் காட்டிப் பேசியபோது, மாடரேட்டர் அவர் கையில் கொடுத்தது வறுமை பற்றியும் குடியிருப்பு பற்றியும் சபை தயாரித்திருந்த அறிக்கைகளை. அரசைக் கட்டுப்படுத்த முடியாத ஒரு கூட்டம், தான் நினைப்பதைச் சொல்லிவிடும் விதம் அது.

அந்தப் பூட்டு: 1697இன் பேரியர் சட்டம்

இப்போது மையத்துக்கு வருவோம். பேரவை உச்ச அதிகாரம், சரிதான், ஆனால் ஒரு வருடம் வருகிற கமிஷனர்கள் அடுத்த வருடம் பெரும்பாலும் வருவதில்லை. ஒரு வருடத்துக் கூட்டம், ஒரு நல்ல பேச்சில் மயங்கியோ கோபத்திலோ சபையின் விசுவாசத்தையே மாற்றிவிட்டால்? இதற்காகத்தான் 1697 பேரவை தன் கையைத் தானே கட்டிக்கொண்டது ('பேரியர்' என்றால் தடுப்பு). போதனை, ஆராதனை, ஒழுங்கு நடவடிக்கை, ஆட்சிமுறை ஆகிய நான்கிலும் நிரந்தரச் சட்டம் போடுவதானால் இந்தப் படிகளைத் தாண்ட வேண்டும்:

1. பேரவை முதலில் அதை ஓவர்ச்சராக, அதாவது வரைவாக மட்டும், நிறைவேற்ற வேண்டும்.

2. அந்த வரைவு எல்லாப் பிரெஸ்பிட்டரிகளுக்கும் போகும். அவை விவாதித்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையைக்கூடத் திருத்த முடியாது.

3. பாதிக்கு மேற்பட்ட பிரெஸ்பிட்டரிகள் ஆம் சொல்ல வேண்டும். இங்கே எண்ணுவது பிரெஸ்பிட்டரிகளை, மொத்தத் தலைகளை இல்லை.

4. ஆம் என்று வந்தாலும் அது தானாகச் சட்டமாகிவிடாது. அடுத்த வருடப் பேரவை மறுபடி விவாதித்து ஓட்டுப் போட வேண்டும். அதற்கு வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு.

சபையின் அடித்தளமான பிரகடனப் பிரிவுகளை மாற்றுவதானால் பூட்டு இன்னும் கனமானது. மூன்றில் இரண்டு பங்கு பிரெஸ்பிட்டரிகள், அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் ஒப்ப வேண்டும்.

2009இல் தொடங்கியதை இந்தக் கண்ணோடு மறுபடி பார்ப்போம். 2013இல் பிறந்த யோசனை, சட்ட வரைவாகி 2014 பேரவையில் 369–189 என்று தேறியது. பிரெஸ்பிட்டரிகளில் 31 ஆம், 14 இல்லை. 2015 பேரவை 309–182 என்று அதைச் சட்டமாக்கியது. இதுவும் சிவில் கூட்டாண்மையில் (திருமணம் அல்லாத, அரசிடம் பதிவு செய்த இணை வாழ்வு) இருப்பவர்களைப் போதகராக ஏற்பது பற்றி மட்டும்தான். திருமணம் நடத்திவைப்பது வேறு கேள்வி, அதற்கு மறுபடி முதலிலிருந்து. 2018இல் 345–170 என்று, சட்ட வரைவு தயாரிக்கும்படி கமிட்டிக்கு அறிவுறுத்தல். 2021இல் 319–217 என்று வரைவு தேறியது. பிரெஸ்பிட்டரிகள் 29 ஆம், 12 இல்லை. கடைசியாக 2022இன் 274–136.

ஆக 2018, 2021, 2022 என மூன்று முறை "சபை ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்து ஓட்டு" என்று தலைப்புச் செய்தி வர இடமிருந்தது, மூன்றில் ஒன்றுதான் சட்டம்.

காத்திருந்தவர்களுக்கு இந்த வருடங்கள் வலி நிறைந்தவை, அதை மறைக்க முடியாது. எதிர்த்தவர்களுக்கும் ஒவ்வொரு மே மாதமும் காயம் புதிதாகத் திறந்தது. இருந்தும் இந்த நிதானம் தேவை என்றே நினைக்கிறேன். ஒரு தீவுச் சபையின் மூப்பர் எடின்பரோவுக்குப் போகாமலே, தன் பிரெஸ்பிட்டரியில் எழுந்து நின்று, நாட்டுச் சட்டம் ஒன்றுக்கு இல்லை என்று சொல்ல முடிகிறது. அந்த 12 'இல்லை'களும் கணக்கில் ஏறின. நம் சி.எஸ்.ஐ.யிலும் அமைப்புச் சட்டத் திருத்தங்கள் சினாடோடு முடிந்துவிடாமல் திருமண்டலப் பெருமன்றங்களின் ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்று வைத்திருப்பது இதே காரணத்தால்தான்.

அரசு நீதிமன்றம் குறுக்கே வரலாமா?

இந்தக் கேள்வி ஒருமுறை சபையையே இரண்டாக உடைத்தது, அந்த உடைவு மெட்ராஸ் வரைக்கும் வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு ஊர்ச் சபைக்கு யார் போதகர் என்பதை அங்குள்ள நிலப்பிரபு முன்மொழிவார். 1834இல் பேரவை, குடும்பத் தலைவர்களில் பெரும்பான்மையினர் மறுத்தால் அவரை அமர்த்தக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. ஆக்டரார்டர் என்ற ஊரில் அது சோதனைக்கு வந்தது. பிரபு முன்மொழிந்தவரை 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் வேண்டாம் என்றார்கள், அழைப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே பேர். பிரெஸ்பிட்டரி அவரை மறுத்தது, அவர் வழக்குப் போட்டார், ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றமும் அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரபுக்கள் சபையும் 1839இல் பேரவையின் சட்டம் செல்லாது என்றன. 1843 மே 18 அன்று பேரவை தொடங்கியதும் மாடரேட்டர் டேவிட் வெல்ஷ் ஒரு கண்டன அறிக்கையைப் படித்துவிட்டு வெளியே நடந்தார். சபையின் போதகர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவருக்குப் பின்னால் போனார்கள், வீடு, சம்பளம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு. அப்படிப் பிறந்தது சுதந்திர சபை. மெட்ராஸில் 1837இல் பள்ளி தொடங்கியிருந்த ஜான் ஆண்டர்சன் உட்பட, இந்தியாவில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள் சுதந்திர சபையோடு போனார்கள். அந்தப் பள்ளிதான் பின்னாளில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. அதை வளர்த்தெடுத்த முதல்வர் வில்லியம் மில்லர் 1896இல் சுதந்திர சபைப் பேரவையின் மாடரேட்டராக இருந்தார்.

பிரபு முன்மொழியும் உரிமை 1874இல் ஒழிந்தது. 1921இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று, ஆன்மிக விஷயங்களில் சபையின் தீர்ப்பே இறுதி என்று ஒப்புக்கொண்டது. பிரிந்தவர்களில் பெரும்பகுதி 1929இல் திரும்பிச் சேர்ந்தார்கள். இன்று பேரவை கூடும் மண்டபமே சுதந்திர சபை 1859இல் கட்டியதுதான். ஆனாலும் 'ஆன்மிகம்' எங்கே முடிகிறது என்பது இன்னும் திறந்த கேள்வி. 2005இல் ஒரு பெண் போதகர் தொடுத்த பாலினப் பாகுபாடு வழக்கில், வேலை சம்பந்தமான உரிமை சிவில் விஷயம், தீர்ப்பாயம் அதை விசாரிக்கலாம் என்று பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

தோற்றவர்களுக்கு என்ன ஆகும்?

பேரவை முடிவெடுத்தால் எல்லோரும் கட்டுப்பட வேண்டும். ஆனால் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் தன் மறுப்பைப் பெயரோடு பதிவு செய்யும்படி கேட்கலாம். 2022 சட்டத்திலும் எந்தப் போதகரையும் கட்டாயப்படுத்தும் வரி கிடையாது. நடத்திவைக்க விரும்புகிறவர் தானாக விண்ணப்பிக்க வேண்டும். அப்படியும் சிலர் இருக்க முடியாமல் போனார்கள். சட்டம் ஆவதற்கு முன்பே, 2012இல், கிளாஸ்கோவின் செயின்ட் ஜார்ஜஸ் ட்ரான் சபை வெளியேறியது. கட்டடம் ஸ்காட்லாந்து சபையிடமே நின்றது. ஊர்ச் சபை தனிச்சொத்து இல்லை, ஒரு பெரிய உடலின் அங்கம் என்பதன் கசப்பான பக்கம் இது.

இதற்கிடையில் பேரியர் சட்டத்தின் அடித்தளமே மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. 1950களில் 13 லட்சம் பேர் இருந்த சபையில் இப்போது 3 லட்சம்கூட இல்லை. போதகர்களும் பணமும் போதவில்லை. அதனால் பிரெஸ்பிட்டரிகளை இணைத்துக்கொண்டே வருகிறார்கள், 40க்கு மேல் இருந்தவை ஒரு டஜன் அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன. நிர்வாகத்துக்கு இது தேவைதான். ஆனால் பிரெஸ்பிட்டரிகளை எண்ணி முடிவெடுக்கும் ஒரு முறையில், 41 இடங்களில் நடந்த விவாதம் இனி ஒரு டஜன் இடங்களில் நடக்கும். ஓரிரண்டு பெரிய பிரெஸ்பிட்டரிகள் சாய்ந்தால் நாட்டின் முடிவே சாயலாம். தனி பிரெஸ்பிட்டரியாக இருந்தபோது 'இல்லை' என்று பதிவான ஒரு தீவின் குரல், பெரிய வட்டாரத்துக்குள் சிறுபான்மை ஓட்டாகக் கரைந்து, மேலே 'ஆம்' என்று மட்டும் போய்ச் சேரலாம். எண்ணும் முறையைத் திருத்துவதானால், அதுவும் ஆட்சிமுறை சம்பந்தப்பட்டதுதான், அந்த வரைவும் இதே பிரெஸ்பிட்டரிகளுக்குத்தான் போயாக வேண்டும்.